அந்த ஸ்பாஞ்சைக் கழுவிவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், பாதியிலேயே ஆபீஸ் கால் வந்துவிடும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மீன்தொட்டி விஷயம்தான். புதுத் தொட்டி வந்து இறங்கிவிட்டது, பழையதைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறோம் என்றாயே, அந்தக் கொட்டிக் கழுவுகிற வேலையை மட்டும் நிறுத்தி வை. புதுத் தொட்டிக்கு வேண்டியதில் பாதி அந்தப் பழைய தொட்டிக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஃபில்டர். அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்பாகச் சேறு வருகிறது, குமட்டுகிறது என்றாய். நீ இத்தனை நாள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த ஒரே சம்பாத்தியம் அந்தச் சேறுதான். மீன் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது ஓரளவு இருந்தால் பாதகமில்லை, செடிக்கு உரம். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டேன். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியாவே செய்யும் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். நைட்ரோஸ்பைரா வகை அது. கண்டுபிடித்த குழுக்களில் ஒன்றுக்கு அது கிடைத்ததே மீன் வளர்க்கிற தொட்டியின் ஃபில்டரில்தான். நான் பாடம் நடத்தி முடித்த பிறகு இப்படி ஒவ்வொன்றாக வருகிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இந்தப் பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் தானாகப் பெருகி நிலைப்பதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் பழைய தொட்டியில் காலையில் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் நியான் டெட்ரா மீன்களை விட்டீர்கள். தண்ணீர் சுத்தமாகத்தானே இருந்தது என்று கேட்டாய். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது பாப்பா. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, உடம்பில் வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை, ஒரு வாரத்துக்குள் எல்லாம் போய்விட்டன. இதைக் கேட்டால் எனக்கு நோய் என்று தோன்றவில்லை. கடைக்காரர் கொடுத்த அந்த நீல மருந்து பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

ஆக, பழைய தொட்டியில் மோட்டாரை நிறுத்தாதே. புதுத் தொட்டி தயாரானதும் அந்த ஃபில்டரை ஈரம் காயாமல் அப்படியே இதில் மாட்டு. அழுக்கு அதிகம் என்று மனசு கேட்காவிட்டால், தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் ஒருதரம் லேசாக அலசு, போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது நம் குடலுக்கு வருகிற கிருமியைக் கொல்லத்தான் போடுகிறார்கள், உன் ஸ்பாஞ்சில் இருப்பது நல்ல கிருமி என்று அதற்குத் தெரியாது.

அடுத்தது செடி. கிரிப்டோகோரைன் எல்லாம் அழுகிப்போச்சு என்று எடுத்துப் போட இருந்தாய். வீடியோவில் ஒன்றைப் பிடுங்கிக் காட்டச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? இலை உன் விரலில் கூழாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அடியில் வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தது. குருத்து இருக்கிற இடத்தில் அரிசி அளவுக்குச் செம்பழுப்பாக ஒரு முனை சுருண்டு நின்றது. நீ அதைக் கவனிக்காமல் இலையையே காட்டிக்கொண்டிருந்தாய். அந்தச் செடி சாகவில்லை. மற்றவற்றையும் பிடுங்காமல் கூழான இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிடு.

ஏன் கரைந்தது என்றால், நர்சரிக்காரர்கள் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். சீக்கிரம் வளரும், பாசியும் பிடிக்காது. காற்றில் வளர்ந்த இலைக்கு மேலே மெழுகுத்தோல், அதில் இலைத்துளை எல்லாம் உண்டு. தண்ணீருக்குள் அந்த இலையால் பிழைக்க முடியாது. கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுகிற வேகத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீரில் பரவும். அதனால் நீருக்குள் வருகிற இலை மெல்லிசாக, தோல் இல்லாமல், நேராகவே உறிஞ்சுகிற மாதிரி வரவேண்டும். செடி பழைய இலையைக் கைவிட்டுவிட்டுப் புதுசு விடுகிறது. நாற்றைப் பறித்து நட்டதும் ஒரு வாரம் பழுத்துக் கிடந்து அப்புறம் பச்சை பிடிக்குமே, அந்தக் கதைதான். அதிலும் இந்தக் கிரிப்டோகோரைன் ரோஷக்காரச் செடி, தண்ணீர் கொஞ்சம் மாறினாலே இலையைக் கொட்டும். உன்னிடம் இருக்கிற ‘வெண்ட்டி’ என்கிற வகை இலங்கைக்காரி. அங்கே ஆறுகளிலும் ஓடைகளிலும் தண்ணீர் ஏற இறங்க, இரண்டு நிலைமையிலும் வாழ்ந்து பழகியவள்.

இதெல்லாம் உனக்கு மட்டும் நடந்த மாதிரி நீ பேசுவதால் ஒன்று சொல்கிறேன். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியலாளர் இருந்தார். பன்னிரண்டு கேலன் பிடிக்கிற கண்ணாடிப் பாத்திரத்தில் அடியில் மணலும் சேறும் கற்களும் போட்டு, இரண்டு சின்னத் தங்கமீனும் ஒரு வாலிஸ்னேரியாச் செடியும் வைத்தார். செடி ஆக்ஸிஜன் தரும், மீன் கார்பன் டை ஆக்சைடு தரும், ஒன்றை ஒன்று தாங்கும் என்பது கணக்கு. 12 கேலன் என்றால் சுமார் 54 லிட்டர், உன் புது இரண்டடித் தொட்டியின் அளவேதான். கணக்கு சரிதான், ஆனால் வாலிஸ்னேரியாவின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, கண்ணாடியிலும் பாசி படிந்தது. அவர் பாத்திரத்தைக் கொட்டவில்லை. குளத்து நத்தை சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகல் இலையையும் பாசியையும் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். செடி வைத்த மீன்தொட்டியின் வரலாறே அழுகின இலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அதனால் செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகளைக் கொல்ல மருந்து வாங்கப் போவதாக மாப்பிள்ளை சொன்னாராமே, வேண்டாம் என்று சொல். நத்தை மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். பின்னால் நீ ஆசைப்படுகிற இறாலை அது கொன்றுவிடும். நத்தை ஏகமாகப் பெருகினால் தீனி அதிகமாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர். எனக்கு இதுதான் பெரிய சந்தேகம். உங்கள் அபார்ட்மெண்டில் போர்வெல் தண்ணீரை சாஃப்ட்னர் மெஷின் வழியாக விடுகிறார்கள் என்றாய். அந்த மெஷின் உப்பைப் போக்குவதில்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதில் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், குழாயில் வெள்ளை படியாது, தலைமுடிக்கும் நல்லது. செடிக்கு அது பட்டினி. உன் ஹைக்ரோஃபிலாவின் நுனி இலைகள் சுருண்டு, கோணலாக, வெளிறி வருகின்றன. அடி இலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. எந்த இலையில் குறை தெரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கால்சியத்தை ஒருமுறை இலையில் வைத்துவிட்டால் செடியால் அதைப் பிரித்தெடுத்து வேறிடம் கொண்டுபோக முடியாது, அதனால் பற்றாக்குறை குருத்தில் தெரியும். இரும்பும் அப்படித்தான், ஆனால் அதில் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுக்கும், அப்போது அடி இலைதான் பழுக்கும். நீ எல்லாவற்றுக்கும் ஒரே உர பாட்டிலைக் கூடுதலாக ஊற்றினாய். பாசிக்குக் கொண்டாட்டம்.

மெஷினுக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கும், அசோசியேஷனில் கேள். இல்லை, சமையலறைக்குக் காவிரித் தண்ணீர் தனிக் குழாயில் வருகிறதா என்று பார். அப்படி வந்தால் நல்லது, அதையே ஊற்று. குளோரின் போக்குகிற சொட்டு மருந்தை அளவு பார்த்து விட மறக்காதே. ஆர்ஓ தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றாதே, அதில் ஒன்றுமே இருக்காது.

செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுகிற அந்தச் சிலிண்டரைப் பற்றி மாப்பிள்ளையிடம் நீதான் பக்குவமாகப் பேச வேண்டும். இப்போதைக்கு அது பெட்டியிலேயே இருக்கட்டும். பிளஸ் டூ பிராக்டிகலில் புனலைக் கவிழ்த்து ஹைட்ரில்லா வைத்து, மேலே டெஸ்ட் ட்யூப் கவிழ்த்துக் குமிழ் எண்ணுவோமே, அதில் துளி சமையல் சோடா போட்டதும் குமிழ் சடசடவென்று ஏறும். ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் தண்ணீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட்டையே எடுத்துக்கொள்ளும். போர்வெல் தண்ணீரில் அதற்குக் குறைவே இல்லை. அதனால் கடினமான தண்ணீர் என்று பயப்படாமல், அந்தத் தண்ணீரில் வளர்கிற செடியாகப் பார்த்து வை. சிலிண்டர் திறந்து மூடுவதில் கூடக்குறைய ஆனால் கரும்பாசி வரும், ராத்திரி மூட மறந்தால் மீன் மூச்சு முட்டும். முதலில் செடி பிடிக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

நடுவதை நெருக்கமாக நடு. முதல் நாளிலேயே தரை தெரியாத அளவுக்கு வேகமாக வளர்கிற செடிகள் இருக்க வேண்டும். செடி அம்மோனியாவை நேராகவே உறிஞ்சும், பாசிக்கு மிச்சம் வைக்காது. ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மட்டும் மண்ணில் புதைக்காதே, கிழங்குத்தண்டு அழுகிவிடும், கல்லில் நூல் கட்டி வை. விளக்கு டைமரில் தினம் ஆறு மணி நேரம், அதற்கு மேல் இப்போது கூடாது. கிழக்கு ஜன்னல் வெயில் தொட்டியில் விழாத இடமாகப் பார். முதல் சில வாரம் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பாகத் தூள் படியும். அது டயாட்டம் என்கிற நுண்பாசி, துடைத்தால் போய்விடும், கொஞ்ச நாளில் தானாகவே நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி எனக்கு அழுகிற பொம்மை அனுப்பாதே.

மீன் கடைசியில். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டவேண்டும், செடியில் புது இலை வந்திருக்கவேண்டும், இரண்டும் சரியாக இருந்தால் வாங்கு. நியான் வேண்டாம், அதற்கு மென்மையான தண்ணீர் வேண்டும். கப்பி உங்கள் தண்ணீருக்கு ஒத்துப்போகும். முதலில் நாலைந்து போதும்.

பொங்கலுக்கு வரும்போது நம்மூர்க் குளத்து ஹைட்ரில்லா கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். ஈரப் பேப்பரில் சுற்றிக் கவரில் போட்டால் ராத்திரி ரயிலில் பெங்களூர் போய்ச் சேரும்வரை தாங்கும். உடனே தொட்டியில் போடாமல் தனி வாளியில் ஒரு வாரம் வைத்துப் பார். தட்டான் புழு ஒளிந்திருந்தால் மீன்குஞ்சை விட்டுவைக்காது.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். தொட்டியை அந்த ஷூ ரேக் மேல்தான் வைக்கப் போகிறீர்களா? தண்ணீர் மட்டும் 50 கிலோவுக்கு மேல் வரும், மண்ணும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் எண்பதைத் தொடும். மாப்பிள்ளை அதன் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா