தனியா உக்காந்திருந்தா வீட்ல சண்டைன்னு அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கடலூர்ல ஒரு ஜவுளிக்கடையில பில் போடுறேன். காலைல ஒன்பதரைலேர்ந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ஓயாத பேச்சுதான், வீட்டுக்கு வந்தா மாமியார், நாத்தனார் பிள்ளைங்க, டிவி சத்தம்னு எந்நேரமும் வீடு நிறைஞ்சு கெடக்கும், யார் மேலயும் எனக்குக் கோவம் கிடையாது, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா பேசிப் பேசி உடம்புல தெம்பே இருக்காது.

என் தம்பி பொண்ணு சைக்காலஜி படிக்கிறா, அவதான் சொன்னா, இதுக்குப் பேரு இன்ட்ரோவர்ட், அதாவது தனியா இருந்தாதான் தெம்பு திரும்ப வர்ற சுபாவம், கார்ல் யுங்னு ஒரு சுவிஸ் டாக்டர் 1921லயே இதப் பத்திப் பெரிய புத்தகம் எழுதிட்டாரு, இது நோயும் இல்ல திமிரும் இல்ல அத்தைன்னு. அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன்.

புதன்கிழமை எனக்கு லீவு, காலைலயே பாண்டி பஸ் ஏறிடுவேன். மொதல்ல அரவிந்தர் ஆசிரமத்து சமாதி. எனக்குப் பெருசா பக்தி எல்லாம் இல்லைங்க, ஆனா அந்த மரத்தடியில அவ்ளோ பேரு சுத்தி உக்காந்திருப்பாங்க, ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, யாருக்கும் என்கிட்டேர்ந்து ஒண்ணும் வேண்டாம், பக்கத்துல ஆளும் இருக்கு, தனியாவும் இருக்கேன், வீட்டு ரூம்ல கதவ சாத்திக்கிட்டாக்கூட எனக்கு அது கெடைக்காது. மத்தியானம் மூடினதும் பாரதி பூங்கா, இல்லன்னா பக்கத்துல ரோமன் ரோலண்ட் நூலகம். 1827ல ஆரம்பிச்ச நூலகம் அது, எத்தன தலைமுறை இப்படி வந்து வாயத் தொறக்காம படிச்சிட்டுப் போயிருக்கும்னு நெனச்சா எனக்குத் துணை இருக்கிற மாதிரி இருக்கும். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல பீச் ரோட்ல வண்டி விட மாட்டாங்க, அலை பாறையில அடிக்கிற சத்தம் நல்லா கேக்கும், கொஞ்ச நேரம் கேட்டுட்டு பஸ் ஏறிடுவேன்.

ஆனா பூங்காவுல பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல உக்கார முடியல. "ஏம்மா தனியா உக்காந்திருக்க, வீட்ல சண்டையா?"ன்னு யாராவது கேக்குறாங்க. அக்கறையிலதான் கேக்குறாங்க, தெரியுது. இதே ஒரு ஆம்பள உக்காந்தா யாராவது கேப்பாங்களா? அப்புறம் இந்த செல்போன ஸ்பீக்கர்ல போட்டுப் பாட்டுக் கேக்குறவங்க, ஹெட்போன் மாட்டிக்கோங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன்.

எங்க ஊர் சில்வர் பீச் வீட்டுக்குக் கிட்டதான், ஆனா சாயந்தரம் கடையும் கூட்டமும், பகல்ல வெயில். அங்க கடைங்களத் தாண்டி ஒரு ஓரமா நாலு மரம், நாலு பெஞ்ச், இருட்டினா ஒரு லைட்டு, இது செஞ்சு குடுத்தா போதும். பொம்பளைங்க தனியா வந்து உக்காந்தா யாரும் காரணம் கேக்காம விடணும், அவ்ளோதான் எங்களுக்கு வேணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்