நான் எழுதிய நீக்கக் கடிதம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சபைகளுக்குள் புகுந்திருக்கும் போலி விசுவாசிகளை அடையாளம் கண்டு அப்புறப்படுத்தினால்தான் திருச்சபை பிழைக்கும் என்று போன வாரம் உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அடையாளங்களையும் வரிசையாகக் கொடுத்திருந்தார். ஜெபக்கூட்டத்துக்கு வராதவர், சாட்சி சொல்லாதவர், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நேரத்தில் எழுந்துபோகிறவர் என்று நீண்டது அது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். ஏறக்குறைய இதே காரணங்களை என் கையெழுத்திலேயே ஒருவருக்கு எழுதி அனுப்பியவள் நான்.

எங்கள் சபையில் பதினோரு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். கூட்டக் குறிப்பு, ஞானஸ்நானப் பதிவேடு, அங்கத்தினர் பட்டியல் எல்லாம் என் பொறுப்பு. பின்வரிசையில் தூண் ஓரமாக ஒருவர் உட்காருவார். பாட்டு பாடும்போது உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. பிரசங்கம் முடிந்து, திருவிருந்துக்கு வெள்ளைத் துணியை விலக்கும் நேரத்தில் பைபிளை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒருநாள் இருநாள் இல்லை, மூன்று வருடம். "அவருக்குள்ள என்னமோ இருக்கு" என்று ஆரம்பித்த பேச்சு, "அவர் இரட்சிக்கப்பட்டவரே இல்லை" என்பதில் வந்து நின்றது.

கமிட்டியில் ஏழு பேர். புது ஒலிபெருக்கி வாங்குவது பற்றி அன்றைக்கு ஒரு மணி நேரம் விவாதித்தோம். அவரை நீக்குவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முன்மொழிந்தவர் பொருளாளர். வழிமொழிந்தது யார் என்று குறிப்பில் இல்லை. குறிப்பு எழுதியவள் நான், வழிமொழிந்தவளும் நான்தான். எங்களில் ஒருவர்கூட அவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்டேன். அப்புறம் அவர் வரவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து, கட்டட நிதியின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழுதுபார்ப்புச் செலவுக்கான பில்களில் ஒரே எண் இரண்டு வெவ்வேறு மாதங்களில் இருந்தது. இரண்டாவதில் தேதிக்கு மேல் பேனா இன்னொரு முறை ஓடியிருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் இன்னும் நாலைந்து வந்தன. மொத்தமாகப் பார்த்தால் சபையின் ஐந்து மாதக் காணிக்கை. பொருளாளர் யார் என்று கேட்கிறீர்களா? ஞாயிறுதோறும் கண்ணீரோடு ஜெபிப்பவர், வசனத்தை அதிகார எண்ணோடு மனப்பாடமாகச் சொல்பவர். உங்கள் வாசகரின் பட்டியலை வைத்துப் பார்த்தால் அவர்மேல் ஒரு புள்ளி விழாது.

இந்த முறையாவது மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறபடி நடந்தோம். முதலில் தனியாகப் போனேன். "கணக்கு கேக்குறது விசுவாசக் குறைவு, சிஸ்டர்" என்றார். பில் புத்தகத்தை நான் மடியிலேயே வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துப் பேசினார். இரண்டாம் முறை இரண்டு மூப்பர்களோடு போனோம். எங்களைச் சபையைப் பிளக்க வந்தவர்கள் என்றார். கடைசியில் சபையார் முன்பு வைத்தோம். பொறுப்பு போயிற்று, சாவி கைமாறியது, மனந்திரும்பும்வரை திருவிருந்து இல்லை என்று முடிவானது. இதில் எதற்கும் நான் வருத்தப்படவில்லை. இன்னொரு முறை நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

அதற்கு மேல் நாங்கள் செய்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "அவன் ஆரம்பத்திலிருந்தே விசுவாசி இல்லை, வேஷக்காரன்" என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தோம். பிரசங்கத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வந்தான், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியா வந்தான். யோவானின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை என்று வரும் வசனம் வாரா வாரம் வந்தது. யோவான் அதை எழுதியது, கிறிஸ்துவையே மறுதலித்துத் தாங்களாகப் பிரிந்துபோனவர்களைப் பற்றி. எங்கள் பொருளாளரின் மனைவியும் மகளும் அப்போதும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த பெஞ்சில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். அதற்கு முன்னும் பின்னும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம் நாங்கள். மகள் பாடகர் குழுவில் இருந்தவள். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, பாட்டுப் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இன்றுவரை எந்தச் சபைக்கும் போவதில்லை என்று கேள்வி.

களைகளின் உவமையை இத்தனை வருடம் கேட்டும் எனக்குப் புரியாத ஒன்று அந்தப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோதுதான் புரிந்தது. கோதுமை வயலில் எதிரி களையை விதைத்துவிட, பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலைக்காரர்களிடம், அறுப்புமட்டும் இரண்டையும் வளரவிடுங்கள் என்று எஜமான் சொல்லும் கதை அது. நல்லவன் யார், போலி யார் என்று நமக்குத் தெரியாது, அதனால் பிடுங்கக் கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். மத்தேயு 13-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். பயிர் கதிர்விட்ட பிறகுதான் வேலைக்காரர்கள் எஜமானிடம் வருகிறார்கள். அந்தக் களை கோதுமையைப் போலவே வளரும் ஒரு புல். கதிர் வரும்வரை பிரித்தறிவது கஷ்டம், கதிர் வந்துவிட்டால் தெரிந்துவிடும். தாவரவியலில் லோலியம் டெமுலென்டம் என்பார்கள். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் போதையேறிய என்று பொருள், பூஞ்சை பிடித்த அதன் மணியைத் தின்றால் தலை சுற்றும் என்பதால். பிறர் பயிருக்குள் இதை விதைத்துக் கெடுப்பவன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று ரோமச் சட்டத்திலேயே இருந்தது. ஆக, கேட்டவர்களுக்கு இது விளையாட்டுக் கதை இல்லை. வேலைக்காரர்களுக்குக் களை எது என்று தெரிந்துதான் இருக்கிறது. உங்களுக்கு அடையாளம் தெரியாது என்று எஜமான் சொல்லவில்லை. பிடுங்கினால் கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்கிறார். கீழே வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. பொருளாளர் விஷயத்தில் எங்கள் கணிப்பு சரியாகவே இருந்திருக்கட்டும். அவரோடு சேர்ந்து வந்தது அந்தப் பெண்ணின் வேர்.

நிலம் உலகம் என்றுதானே இயேசு விளக்கினார், சபை என்று சொல்லவில்லையே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. கி.பி. 303-இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் தொடங்கிய துன்புறுத்தலில், வேத நூல்களைப் பறித்து எரிக்க உத்தரவு வந்தது. வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் பயந்து அவற்றைக் கொடுத்துவிட்டார்கள். அப்படிக் கொடுத்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் கைவைத்து அபிஷேகம் செய்த கார்த்தேஜ் ஆயரை ஏற்க மாட்டோம் என்று ஒரு சாரார் பிரிந்தார்கள். அவர்கள்தான் தொனாத்தியர்கள். தூய்மையானவர்களின் சபைதான் சபை என்பது அவர்கள் கட்சி. 314-இல் இன்றைய பிரான்ஸில் உள்ள ஆர்ல் நகரில் ஆயர்களின் சங்கம் கூடியும் தீரவில்லை. 411-இல் கார்த்தேஜில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கான ஆயர்கள் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடினார்கள். களைகளும் கோதுமையும் சபைக்குள்ளேயே சேர்ந்திருக்கும் என்று மறுபக்கம் நின்று வாதாடியவர் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். நிலம் உலகம்தான் என்று தொனாத்தியர்கள் அன்றே மடக்கினார்கள்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது வாதம் இல்லை. கார்த்தேஜ் ஆயருக்குக் கைவைத்த பெலிக்ஸ் என்ற ஆயர்தான் வேதத்தைக் கொடுத்தவர் என்பது குற்றச்சாட்டு. அரசு விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தது. அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட கடிதத்தில் இன்னொருவர் வரிகளைச் சேர்த்திருந்தார். உண்மை வெளிவந்தும் பிளவு ஆறவில்லை. அகுஸ்தீன் பக்கமும் கை சுத்தமில்லை. வளரவிடுங்கள் என்ற வசனத்தை எடுத்துச் சொன்னவரே, பிற்பாடு பிரிந்தவர்களை அரசின் கையால் வற்புறுத்தித் திரும்ப அழைப்பதை ஆதரித்தார்.

இந்த உவமையைத் திருப்பிப் பிடிக்கிறவர்களும் உண்டு. பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொண்ட ஆளை, அறுப்புமட்டும் வளரவிடச் சொல்லியிருக்கிறாரே என்று காப்பாற்றுவார்கள். அது அக்கிரமம். குற்றம் என்றால் போலீஸுக்குப் போக வேண்டும், கமிட்டிக்கு இல்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, தகப்பன் மனைவியை வைத்திருந்தவனைத் தள்ளச் சொல்கிறார், தயங்கவில்லை. ஆனால் அவன் செய்த செயலைச் சொல்லித்தான் தள்ளுகிறார். இரண்டாம் நிருபத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவன் அதிக துக்கத்தில் மூழ்கிப்போகாதபடி அவனை மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்கிறார். அவனும் இவனும் ஒரே ஆள் என்பது பழைய கருத்து. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டிய டிடாக்கே என்ற கையேட்டைப் பாருங்கள். ஊர் ஊராக வரும் ஊழியக்காரர் மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி, பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி என்று அதில் இருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். எத்தனை நாள் தங்கினார் என்று விரல்விட்டு எண்ணலாம், பில் எண்ணைச் சரிபார்ப்பது மாதிரி. உதடு மட்டும் அசைவதற்குக் காரணம் என்ன என்பதை எந்தப் பதிவேட்டில் சரிபார்ப்பது?

உங்கள் வாசகர் ஒன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திவந்து பின்பு மனந்திரும்பிய சவுல், அதாவது பிற்காலத்துப் பவுல், எருசலேமுக்கு வந்தபோது, இவன் சீஷனே இல்லை என்று எல்லோரும் பயந்து ஒதுங்கினார்கள் என்று அப்போஸ்தலர் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் எச்சரிக்கையாக இருந்ததில் தப்பே இல்லை. பர்னபா மட்டும் போய் அவரிடம் பேசி, விசாரித்து, கையோடு அழைத்து வந்தார். அந்த ஒருவர் போகாமல் இருந்திருந்தால்?

நான் ஐந்து வருடம் தாமதமாகப் போனேன். பாட்டுப் புத்தகம் மேஜைக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது. தூண் ஓரத்தில் உட்கார்ந்தவரின் முகவரி பழைய பதிவேட்டில் இருந்தது, என் கையால் கோடு போட்ட பெயருக்கு நேரே. கதவைத் திறந்தவர் "வாங்கம்மா" என்றார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். நாற்காலியில் அடுக்கியிருந்த தாள்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் எழுந்து போய் அந்தக் கடிதத்தை எடுத்து வந்தார். "அங்கத்தினர்" என்பதில் நான் ஒரு "த்" விட்டிருந்தேன். பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டு, ஓரத்தில் அந்த எழுத்தை எழுதியிருந்தார். "பழக்கம்மா, கை சும்மா இருக்காது" என்றார்.

திருவிருந்தில் ஏன் உட்காரவில்லை என்று அப்போதுதான் கேட்டேன். சொத்து விஷயத்தில் அண்ணனுக்கு எதிராக ஒரு காலத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பின்னால் மனம் மாறி, பங்கைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுக் கடிதம்மேல் கடிதம் எழுதியிருக்கிறார். அண்ணனிடமிருந்து பதில் இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அண்ணன் பேசும்வரை அந்த மேசைக்கு வருவதில்லை என்று இருந்திருக்கிறார். அவர் அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வேன், தன் பங்கை அவர் செய்தாகிவிட்டது. ஆனால் எங்கள் சபையில் அந்த வசனத்துக்கு அவ்வளவு பயந்தவர் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சபை முன்பு எழுந்து நின்று, நாங்கள் செய்தது தவறு என்று சொன்னேன். பெயரைப் பட்டியலில் திரும்பவும் சேர்த்தோம். அவர் வரவில்லை. வேறு சபையில் பின்வரிசையில் உட்காருகிறாராம். பொருளாளர் இப்போது வருகிறார். மாதா மாதம் காணிக்கைப் பெட்டியில் பெயரில்லாத ஒரு உறை விழுகிறது. மேலே "கட்டட நிதி" என்று எழுதியிருக்கும் கையெழுத்து எனக்குப் பழக்கமானது, அந்த பில்களில் பார்த்ததுதான். அவர் மெய்யாகவே மாறிவிட்டாரா என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. சாவி அவரிடம் திரும்பப் போகாது, அதில் நான் உறுதி. அவரும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து அவர் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேச ஆரம்பித்திருக்கிறேன். மகளைப் பற்றிக் கேட்க இன்னும் வாய் வரவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாதென்றால் கார்த்தேஜ், அகுஸ்தீன் வரும் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். மெய்ப்புத் திருத்துபவர் வீட்டுக்குப் போன பகுதியை மட்டும் விட்டுவையுங்கள். என் பெயர், ஊர் வேண்டாம், அவர்கள் யாரென்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு சபையின் முன்னாள் செயலாளர்