எந்தத் துப்பாக்கி என்று கேட்டாயே

கண்ணு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்று 600 டாலர், குழலைத் தாங்கும் கட்டை கறுப்பு பிளாஸ்டிக். இன்னொன்று 3,400 டாலர், வால்நட் கட்டை, பார்த்தாலே தடவிப் பார்க்கத் தோன்றுகிறது. கீழே ஒரே ஒரு வரி: "எது வாங்கட்டும்ப்பா?" லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் பிரின்ஸ் ஜார்ஜில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டாய் போல. உன் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. ஆனால் மூஸ், அதான் அந்தப் பெரிய மான், அதன் கறி வந்தால் சுக்காவுக்கு மிளகு போதுமா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள், நான் கவனித்தேன்.

இரண்டுமே வேண்டாம் என்பேன். காரணம் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது விலை கூடியதுதான். எட்மன்டனுக்கு வந்த புதிது, கையில் ஓவர்டைம் காசு. கடைக்காரரே குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மாட்டிக் கொடுத்தார், நானும் அப்படியே வாங்கி வந்துவிட்டேன். அந்த நவம்பரில் நூற்றைம்பது கஜத்தில் ஒரு மூஸ் பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். ஒரு குலுக்கல், அப்புறம் மரங்களுக்குள் போய்விட்டது. பனியில் கொஞ்சம் முடி, நாலைந்து சொட்டு ரத்தம். இருட்டும்வரை தேடினேன், மறுநாளும் போனேன். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது. அதைப் பிடித்திருக்கும் வளையத்துத் திருகை என் கட்டைவிரல் நகத்தாலேயே திருப்ப முடிந்தது. தவறு கடைக்காரருடையது மட்டும் இல்லை. காட்டுக்குப் போகுமுன் நான் ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்கவில்லை.

விலை கூடினால் குறி கூடும் என்று நினைக்காதே. நூறு கஜத்தில் நல்ல துப்பாக்கி ஓர் அங்குலத்துக்குள் மூன்று குண்டையும் போடும், மலிவானது ஒன்றரை அங்குலத்துக்குள் போடும் என்றே வைத்துக்கொள். இருநூறு கஜத்தில் அது இரண்டும் மூன்றும் ஆகும். மூஸின் நெஞ்சு நம் வீட்டுத் தாம்பாளத்தைவிடப் பெரிது. அந்த ஓர் அங்குலத்தை உன் மூச்சும் நடுக்கமும் நொடியில் விழுங்கிவிடும்.

மலிவானதில் குறை இல்லாமல் இல்லை. கடையில் ஒரு வேலை செய். இருபது டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து மெல்ல இழு. வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அப்புறம் கட்டையின் முன்பக்கத்தைக் குழலோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இழு. நோட்டு சிக்கினால் கட்டை வளைகிறது என்று அர்த்தம். காட்டில் அதை ஒரு மரக்கிளைமேல் சாய்த்துச் சுட்டால் குண்டு வேறு பக்கம் போகும். கையுறை போட்டபடி, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை நாலு தடவை இழுத்துத் தள்ளியும் பார். கரகரவென்று மணல் அரைத்தால் வைத்துவிடு. மூவாயிரம் டாலருக்கு உண்மையில் கிடைப்பது அந்த வழவழப்பும் அழகான மரமும்தான். அந்த மரம் மழையில் ஊறும், நீ ஒவ்வொரு கீறலுக்கும் அழுவாய்.

நடுவில் ஒன்று இருக்கிறது, டிக்கா டி3எக்ஸ். பின்லாந்தில் ரீஹிமாக்கி என்ற ஊரில், விலை கூடிய சாக்கோ துப்பாக்கிகள் வருகிற அதே தொழிற்சாலையில் செய்கிறார்கள். இரண்டுக்கும் குழல் அங்கேதான் அடிக்கிறார்கள். உன் தாத்தா போலீஸ் ஸ்டேஷனில் சுமந்தாரே த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி, கிட்டத்தட்ட அதே இனத்தைத்தான் வடக்கே பனிப்பிரதேசத்தில் காவல் பார்க்கும் ராணுவத்தின் கனடிய ரேஞ்சர்களும் 1947 முதல் எழுபது வருஷம் வைத்திருந்தார்கள். கடைசியில் மாற்றியபோது எடுத்தது இந்த டிக்காவைத்தான், இங்கே கனடாவின் கிச்சனர் நகரில் செய்து, .308 என்ற அளவுத் தோட்டாவில். துருவக்கரடி வரும் ஊரில் அவர்களுக்குப் போதுமானது உனக்குப் போதாதா?

நீயும் .308-ஏ எடு. சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். டிக்காவில் லைட் என்று மூன்று கிலோவுக்குள் ஒன்று வரும், தூக்கிப் பார்க்க ஆசையாக இருக்கும். எடை குறையக் குறைய உதை கூடும். தோளில் இரண்டு அடி வாங்கினால் மூன்றாவது முறை விசையை அழுத்தும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கனமானதைப் பார்.

மிச்சக் காசில் நல்ல ஸ்கோப், பத்துப் பெட்டி தோட்டா. அதில் எட்டுப் பெட்டி காட்டுக்குப் போகுமுன் தீர வேண்டும். மேஜையில் உட்கார்ந்து மட்டும் சுடாதே, மண்டியிட்டும் சுடு. குளிர் வந்ததும் போல்ட்டில் உள்ள எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடு, மைனஸ் இருபதில் அது பசையாகிவிடும்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் காரில் வருகிறேன். ஸ்கோப்பை யாரையும் மாட்டவிடாதே, நான் திருகுளியோடு வருகிறேன். ஸ்கோப் என் செலவு. அம்மாவுக்கு அந்த விலை தெரிய வேண்டாம்.

அப்பா