அண்ணா, அந்தப் பாபுராவ் தெரு லாட்ஜைப் பற்றி

அண்ணா,

பெரியம்மா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதை நீயும் பார்த்திருப்பாய். "திதிக்கு வரும்போதாவது அண்ணன் வீட்டுல தங்குமா, போன தடவை மாதிரி லாட்ஜைத் தேடிப் போகாதே" என்று போட்டு, கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மை. எல்லோரும் பார்த்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. நீ மட்டும் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாய். அந்தக் கட்டை விரலுக்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். உன்னிடம் போனில் என்ன பேச முடியும்? "சாப்ட்டியா" என்று ஆரம்பித்து "சரி, வெச்சிடட்டுமா" என்று முடிப்பாய், நடுவில் ஆரணியில் மழை பெய்ததா என்று ஒரு கேள்வி. நைனாவும் இப்படித்தான். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து மெதுவாகப் படிப்பாய், படித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாய். மற்றவர்களும் படிப்பார்கள், தெரியும். படிக்கட்டும். இத்தனை நாள் அவர்கள் சொன்னதை நாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தோம்.

ஏன் லாட்ஜ் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அம்மா காலையில் வெறும் வயிற்றில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், அப்புறம் ஸ்கேன், அப்புறம் டாக்டர், மறுபடி ஒரு ரத்தம். காட்பாடியில் உன் வீட்டிலிருந்து கிளம்பினால் மேம்பாலம், சித்தூர் பஸ் ஸ்டாண்ட், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று வருவதற்குள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும். பாபுராவ் தெருவில் இருந்தால் ஐந்து நிமிஷ நடை. இது பொய்யில்லை. இது மட்டும்தானா என்றால், மீதியை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா, நீ, நான், மூன்று பேருக்கும் தெரிந்தது அது, அப்படியே இருக்கட்டும். அண்ணி இதைப் படிப்பார். (அண்ணி, நல்லா இருக்கீங்களா? இதில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. நிஜமாகவே இல்லை.)

நீ அந்த லாட்ஜில் பார்த்தது ரிசப்ஷனையும் எங்கள் ரூம் பாத்ரூமையும்தான். அதனால் மற்றதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஏனென்றால் "பெத்த அம்மாவை லாட்ஜ்ல வெச்சாங்க" என்று சொல்கிறவர்கள் மனதில் ஏதோ அம்மா அனாதையாகக் கிடந்த மாதிரி ஒரு படம் இருக்கிறது. உன் மனதிலும் அதுதான் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

மற்ற ஊரில் லாட்ஜ் என்றால் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ வந்தவர்கள் ஒரு ராத்திரி தங்குவார்கள். சி.எம்.சி.யைச் சுற்றி இருப்பவை அப்படி இல்லை. காந்தி ரோடும் பாபுராவ் தெருவும் அந்த ஆஸ்பத்திரியை நம்பித்தான் பிழைக்கின்றன. ரிசப்ஷனில் ஆதார் கார்டை வாங்கியதும் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, "செக்கப்பா, ஆபரேஷனா?" நீ சொல்லும் பதிலை வைத்து எத்தனை நாள் இருப்பாய், வாடகையில் எவ்வளவு குறைக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். பில் வேண்டும் என்றால் ஜிஎஸ்டி 12 சதவீதம் சேரும் என்று அப்போது கூடவே ஒரு எச்சரிக்கை. பங்களாதேஷிலிருந்து யாராவது வந்துவிட்டால் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, வெளிநாட்டவர் தங்குவதைப் பதியும் ஃபார்ம் சி-யை ஒரே விரலால் கம்ப்யூட்டரில் தட்டுவார், அதுவரை அந்தக் குடும்பம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். எங்கள் மாடியில் தமிழ் பேசியது நாங்கள் மட்டும்தான். ஒற்றை அடுப்பு, சிலிண்டர், இரண்டு பாத்திரம் என்று எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். சாயங்காலம் ஆனால் தாழ்வாரம் முழுக்கக் கடுகெண்ணெய் வாசம். கீழே தெருவில் போர்டெல்லாம் வங்காளத்தில், கையில் ஊசி ஏற்றும் குழாயை ஒட்டிக்கொண்டே வாழைப்பழம் பேரம் பேசுகிறவர்கள், எல்லோர் அக்குளிலும் ஒரு ஃபைல். விடிவதற்கு முன்பே காட்பாடியில் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் சூட்கேஸைப் படியில் டக் டக்கென்று இறக்குவார்கள். எனக்குத் தூக்கம் போய்விடும். அம்மா எழுந்து உட்கார்ந்து, "பாவம், யாருக்கு நல்லாயிடுச்சோ, யாருக்கு ஆகலையோ" என்பாள்.

பக்கத்து ரூமில் பர்தமானிலிருந்து வந்த ஒரு அம்மாள், கணவருக்குச் சிறுநீரகம். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். நேதாஜி மார்க்கெட்டிலிருந்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வரச்சொல்லி (2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்ததை என்னவோ தன் பிள்ளைக்கே பரிசு கொடுத்தது போல அம்மா அந்த அம்மாளிடம் சொல்ல, அவரும் தலையாட்ட) அந்த ஒற்றை அடுப்பில் காரக்குழம்பு வைத்துக் கொடுத்தாள். அவர் பதிலுக்கு மீன் வறுத்துக் கொடுத்தார். நைனா போனதற்கு அப்புறம் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மன்னித்துக்கொள், நீயும் பார்த்திருக்க மாட்டாய்.

ஊரில் என்ன நினைப்பார்கள் என்று ஒருநாள் நான் புலம்பியபோது அம்மா சொன்னாள்: "கோட்டைக்குள்ள கோயிலை வெச்சிக்கிட்டு ஜலகண்டேஸ்வரரே சத்துவாச்சாரியில தங்கியிருந்தாரு. 1981-லதான் வீட்டுக்கு வந்தாரு. எனக்கென்ன அவசரம்?" அம்மாவின் குசும்பு உனக்குத் தெரியும். ஆனால் கடைசி வரியைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி, அந்தக் குழாய்க்கு வருகிறேன்.

பாத்ரூம் குழாய் சொட்டுகிறது என்று நான் ரிசப்ஷனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "ஆள் வருவான்மா" என்பார்கள், ஆள் வரமாட்டான். ராத்திரி முழுக்க வாளியில் சொட்டுச் சத்தம். உன்னிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் நீ வந்தாய். பழம் இல்லை, ஹார்லிக்ஸ் இல்லை, ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து எடுத்த ஸ்பேனரும் ஒரு டெஃப்லான் டேப்பும். வாசலில் செருப்பைக் கழற்றினாய், "எப்படி இருக்கேம்மா" என்றாய், அவள் பதில் சொல்வதற்குள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டாய். கட்டிலில் உட்காரக்கூட இல்லை.

மொட்டைமாடியில் போய் வால்வை மூடியது நீதான், ஒட்டுமொத்த மாடிக்கும் தண்ணீர் நின்று, தலையில் சோப்போடு ஒரு ஜார்க்கண்டுக்காரர் தாழ்வாரத்தில் வந்து இந்தியில் கத்தியதும் நீயும் உன் இந்தியில் "ஏக் மினிட், ஏக் மினிட்" என்றதும் நினைவிருக்கிறதா? அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழாயைக் கழற்றி உள்ளேயிருந்து அந்த ரப்பர் வாஷரை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, கதவுக்கு வெளியே கையை மட்டும் நீட்டி அவளுக்குக் காட்டினாய். ஒரு பக்கம் தேய்ந்து கறுத்துப்போயிருந்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, "இத்தினூண்டுதானா" என்றாள். லாங் பஜாருக்குப் போய்ப் புது வாஷர் வாங்கி வந்து மறுபடி உள்ளே போனாய். கட்டிலில் இருந்து பார்த்தால் உன் முதுகும் மடித்த பேன்ட்டும்தான் தெரிந்தன.

அந்தக் கதவு வழியாக நீங்கள் இரண்டு பேரும் பேசியதைப் போல ஒருநாளும் பேசி நான் கேட்டதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்ததைச் சொன்னாய். சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நைனா வேலூரைக் கிண்டல் செய்வாரே, சாமியும் வந்துவிட்டார், ஆற்றில் தண்ணீரும் வந்துவிட்டது, மனுஷன் இருந்து பார்க்கவில்லையே என்றாள் அம்மா. நீ உள்ளே இருந்து சிரித்தாய். பாத்ரூமில் எதிரொலித்து அந்தச் சிரிப்பு நைனாவுடையது மாதிரியே கேட்டது.

அப்புறம்தான் நீ கேட்டாய். திரும்பாமல், ஸ்பேனரை முறுக்கிக்கொண்டே. "வீட்டுக்கு வந்துடேன்மா. ரூம் காலியாத்தான் இருக்கு."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தண்ணி நின்னுச்சா பாரு" என்றாள்.

"நின்னுடுச்சு."

"அப்ப சரி."

அவ்வளவுதான். நீ கையைக் கழுவிக்கொண்டு, அடுப்பில் இருந்த காபியைக்கூடக் குடிக்காமல், ஷிப்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாய்.

இரண்டாவது தடவை ஏன் கேட்கவில்லை? நம் வீட்டில் யார்தான் முதல் தடவை கேட்டவுடன் சரி என்பார்கள்? பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றாலே போதும் போதும் என்று இலையை மறைப்பவள் அம்மா, மூன்றாவது தடவைக்குத்தான் கையை எடுப்பாள். அது உனக்குத் தெரியாதா? வெளியே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே துணியை மடித்திருப்பாள். நீ போன பிறகு படியில் உன் காலடிச் சத்தம் நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள், அது உனக்குத் தெரியாது.

நான் சொல்லியிருக்கலாம், ஆமாம். "போம்மா, கூப்பிடறான் இல்ல" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. எனக்கு அந்த ரூம் பிடித்திருந்தது. கல்யாணமாகிப் போனதற்கு அப்புறம் அம்மாவும் நானும் மட்டும் ஒரு அறையில், மாமியார் இல்லை, பிள்ளைகள் இல்லை, யாருக்கும் டிபன் கட்ட வேண்டாம். உடம்பு சரியில்லாத அம்மாவோடு இருந்த நாட்களை நன்றாக இருந்தன என்று சொல்வது எப்படிப் படும் என்று தெரியும், ஆனாலும் நன்றாக இருந்தன. அதற்காக உன்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டுமா என்று தெரியவில்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

ஆனால் நீ செய்த இன்னொரு காரியத்தை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ரூமைக் காலி செய்யும்போது மேனேஜர், "உங்க அண்ணன் எல்லாம் கட்டிட்டாரும்மா" என்கிறார். எப்போது? குழாய் சரி செய்த அன்றைக்கே, போகிற போக்கில். நான் சீட்டுப் பணம் எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கு எப்படி இருந்திருக்கும்? திருப்பிக் கொடுங்கள், என் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ கார் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருந்தாய், முகத்தில் ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு ஜூலை 10. மக்கான் பக்கம் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை போட வந்த கார்களில் நம் கார் மாட்டிக்கொண்டது. நான் உன்னோடு பேசவில்லை என்று தெரிந்தும் அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "என்னடா விசேஷம்" என்றாள். நீயும் முன் சீட்டிலிருந்து விலாவாரியாக ஆரம்பித்தாய். 1806, விடிவதற்கு முன்பே, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் இருப்பதை அழி, தாடியை எடு என்று சொன்னதில் சிப்பாய்களுக்கு வந்த ஆத்திரம், கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள், சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கியது. எனக்கு உள்ளே கொதித்தது, ஆனாலும் கேட்டேன், நீ நன்றாகத்தான் சொன்னாய். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆற்காட்டுல இருந்து குதிரையில ஒரே காலையில வந்துட்டானா" என்றாள்.

காட்பாடி அதைவிடப் பக்கம். யாரும் அதைச் சொல்லவில்லை. நீ ஏசியைக் குறைக்கச் சொன்னாய்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். இப்போது ஊரில் இரண்டு கதை ஓடுகிறது. ஒன்று, லாட்ஜ் செலவு மொத்தமும் மகன்தான் பார்த்தான், மகள் சும்மா கூட இருந்தாள். இன்னொன்று, மகன் பணத்தைக் கட்டிக் கையைக் கழுவிக்கொண்டான். முதல் கதையைக் கேட்டால் எனக்கு எரிகிறது. இரண்டாவதைக் கேட்டால் அதைவிட எரிகிறது, யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிறேன். போன மாசம் கண்ணமங்கலத்து அத்தையிடமே, பாத்ரூமில் உட்கார்ந்து வாஷர் மாற்றிய பிள்ளையை அப்படிச் சொல்லாதீர்கள் என்று கத்திவிட்டேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

திதிக்கு முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுவேன். அந்த லாட்ஜிலேயே ரூம் சொல்லிவிட்டேன், அதே ரூம் இல்லை, அதில் வேறு யாரோ இருக்கிறார்கள். விடிகாலையில் குளித்து ஐயர் வருவதற்கு முன் உன் வீட்டில் இருப்பேன், எல்லா வேலையும் செய்வேன், அண்ணியோடு சேர்ந்து சமைப்பேன், வாழைக்காய் நான் வாங்கி வருகிறேன். பெரியம்மா கேட்டால் பேருந்து வசதி என்று சொல்லிக்கொள். உன்மேல் கோபத்தில் செய்கிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

இந்தத் தடவை ரிசப்ஷன் பக்கம் மட்டும் போகாதே. ஜிஎஸ்டி 5 சதவீதமாகிவிட்டது, என்னால் கட்ட முடியும். எனக்குத் தெரியாமல் நீ பணம் கட்டினாய் என்று தெரிந்தால் அன்றைக்கே ரூமை மாற்றிக்கொள்வேன், அந்தத் தெருவில் லாட்ஜுக்கா பஞ்சம்? வருவதாக இருந்தால் மாடிக்கு வா. வந்து உட்கார்.