பெர்லினில் படிக்கும் மகளுக்கு

செங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சாரல் பிடித்துக்கொண்டது, துணி காய இரண்டு நாள் ஆகிறது. ஆச்சிக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது.

நாடுகள் விழாவில் இந்தியாவின் மேசையை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் "நான் எதைச் சொன்னாலும் இந்தியாவே அப்படித்தான்னு நெனைச்சிருவாங்கம்மா" என்றாயே, அது மனதில் கிடந்து உறுத்துகிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முழு நாட்டையும் நீ தலையில் தூக்க வேண்டாம். அரசியல் சட்டத்து அட்டவணையிலேயே 22 மொழி இருக்கிற நாடு இது. யாரால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடியும்? உனக்குத் தெரிந்த செங்கோட்டையைச் சொல். ஊர் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருப்பதைச் சொல். தாத்தாவின் வயல் ஆதாரப் பத்திரத்தில் 1120-ஆம் ஆண்டு என்றிருப்பதைப் பார்த்து, இவ்வளவு பழசா என்று சின்னதில் நீ மலைத்துப்போனாய். அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் 1944-45. முன்பு திருவிதாங்கூர் பக்கம் இருந்த நம் ஊர் 1956 நவம்பர் 1-இல் சென்னை ராஜ்யத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. வீடு மாறாமலே ராஜ்யம் மாறினவர் தாத்தா. ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நம்மைப் பாண்டி, அதாவது தமிழ்நாட்டுக்காரர், என்பார்கள். திருநெல்வேலிக்குப் போனால் பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது என்பார்கள். நம்மைப் பற்றி மற்றவர்கள் முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருப்பது நமக்குப் புதிதில்லை. கோபப்படாமல் பதில் சொல்லியே பழகியவர்கள் நாம்.

சாதியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதெல்லாம் அந்தக் காலம் என்று மழுப்பாதே. நாட்டின் மானத்தைக் காப்பதாக நினைத்துப் பொய் சொன்னால் அவமானம்தான் கூடும். நாம் இருந்த அதே திருவிதாங்கூரில், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1924-இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது என்று சொல். ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதற்காகச் சிறையில் இருந்தார். திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936-இல். இன்னும் தீராதது இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல். கொடுமையும் நம்முடையது, அதை எதிர்த்து நின்றவர்களும் நம்மவர்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. யாராவது உங்கள் நாடே இப்படித்தான் என்று எகத்தாளமாகப் பேசினால் மட்டும் விட்டுக்கொடுக்காதே. சத்தம் போடாமல், பார்த்ததை வைத்துப் பேசு.

உனக்கு முன்னால் அங்கே ஒருவர் இருந்தாரே, செண்பகராமன் பிள்ளை. 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர். சூரிச்சில் படித்து, 1914-இல் இந்திய விடுதலைக்காக அங்கேயே ஒரு குழு தொடங்கி, பிறகு பெர்லினுக்கு வந்தார். 1934-இல் அங்கேதான் இறந்தார். அஸ்தி 1966-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. நாடே சொந்தமாக இல்லாதபோது அந்நிய ஊரில் அதன் பெயரைச் சொல்லி நின்றவர். அவர் பெயரை ஓர் அட்டையில் எழுதி மேசையில் வை. கேட்கிறவர்களுக்குச் சொல்ல உனக்கே ஆசையாக இருக்கும்.

கொடியை மேசை விரிப்பாகப் போட்டுவிடாதீர்கள். பலபேர் ஆர்வத்தில் அப்படிச் செய்கிறார்கள், கூடாது. சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால், பார்க்கிறவருக்குக் காவி இடப்பக்கம் வர வேண்டும்.

சாப்பாட்டுக்கு சமோசாவை மற்ற பிள்ளைகளிடம் விடு. நீ உளுந்தங்களி கிண்டு. தோல் உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து மாவாக்கிக்கொள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவிக் கட்டி விழாமல் கிளறு. சுருண்டு வரும்போது நல்லெண்ணெய் விடு. கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருண்டை பிடி. ஆறினாலும் ருசி கெடாது, மேசையில் வைக்கத் தோது. நீ பெரியவளானபோது ஆச்சி கிண்டித் தந்தது என்று தயங்காமல் சொல்.

பக்கத்து மேசை பாகிஸ்தான் பிள்ளைகளுடையது என்றாய். முதல் உருண்டையை அவர்களுக்குக் கொடு.

சித்தி மகன் விழாவுக்கு முன்னால் அங்கே வருகிறான். கருப்பட்டியும் வறுத்த உளுந்தும் கொடுத்துவிடுகிறேன். வேறென்ன வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், அவன் பெட்டியில் இடம் கொஞ்சம்தான் இருக்கிறதாம்.

அன்புடன்,
அம்மா