முதலைக்குக் கண் கொடுத்தவர்களுக்கு

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் பிள்ளைகள் காகித மிருகங்களை வைத்து நாடகம் போட்டார்களே, அதைப் பார்க்க வந்த எல்லாரும் போகும்போது என் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனீர்கள். நானும் வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அது போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு ஆட்கள். பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொல்லிவிட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை, படித்தால் அவரவருக்கே தெரியும்.

முதலில் போட்டோஸ்டாட் கடைத் தவுக்கே, சீன முதலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். நான் ஆரம்பத்தில் பள்ளியில் கிடைக்கும் 80 கிராம் ஏ4 தாளில்தான் முதலை செய்தேன். செய்முறை ஒன்றும் பெரிதில்லை. தாளை நீளவாக்கில் மூன்றாக மடித்துப் பட்டையாக்கி, அதைக் குறுக்கே பாதியாக மடித்து, இரண்டு முனைகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பி மடித்தால் வாய் வந்துவிடும், மேல் பையில் நாலு விரல், கீழ்ப் பையில் கட்டைவிரல், அவ்வளவுதான். என் கையில் நன்றாகத்தான் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் வியர்த்த கையில் பத்தே நிமிடத்தில் முதலை துவண்டு, சாப்பிட்டுத் தூக்கிப்போட்ட நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் மாதிரி ஆகிவிட்டது. சரி, மணிலா அட்டையில் செய்வோம் என்று பார்த்தால் மடிக்கிற இடமெல்லாம் வெடிக்கிறது. பயிற்சித்தாள் நகலெடுக்கப் போன இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். தவுக்கே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். ஒரு துண்டு அட்டையை எடுத்து இந்தப் பக்கம் கிழித்தார், நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அந்தப் பக்கம் கிழித்தார், கோணல்மாணலாகப் போனது. "மரத்துக்கு மாதிரி தாளுக்கும் நார் ஓடுது டீச்சர், நேரா கிழியிற பக்கமா மடிங்க, எதுத்து மடிச்சா வெடிக்கத்தான் செய்யும்" என்றார். இத்தனை வருடம் தாளோடு குடும்பம் நடத்துகிற எனக்கு அது தெரியாது! அப்புறம் அவரே பத்தொன்பது பிள்ளைக்கும் அட்டையை நார் பார்த்து வெட்டிக் கொடுத்தார், காசு கேட்டதற்கு முறைத்தார்.

பசை விஷயத்தில் நான் பட்ட பாடு தனி. மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்தால் செலவு மிச்சம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்தால் எறும்பு ஒரு பக்கம், கரப்பான் ஒரு பக்கம், யானைக்குத் தும்பிக்கை இல்லை. பசையில் மயில்துத்தம் கலந்தால் ஒன்றும் அண்டாது என்று ஒரு பெரியவர் சொன்னார். ஐயா, அக்கறைக்கு நன்றி, ஆனால் அது நஞ்சு, எங்கள் பிள்ளைகள் விரலைச் சூப்புகிற பிள்ளைகள். கடைசியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அக்கா ஒருவர் தன் பையிலிருந்தே பணம் போட்டு வெள்ளைப் பசை ஆறு பாட்டில் வாங்கி வந்தார்.

இனி பாட்டி. முட்டி வலி வந்து நிற்கும் வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பேத்தி என் வகுப்பில் படிக்கிறாள். முதலைக்குக் கண் வரைந்தால் உயிரே இல்லை என்று பேத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் ஒரு மைலோ டின் நிறைய ரப்பர் கொட்டையோடு பாட்டி வாசலில் நிற்கிறார். எங்களைச் சுற்றி இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனைதான், எண்ணெய் எடுக்கிற பனை. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது என்று நான் வகுப்பில் வாயால் சொல்லுவேன், கொட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது பாட்டிதான். அந்தப் பளபளப்பையும் பழுப்புப் புள்ளிகளையும் பார்த்துவிட்டு ஒருத்தன் "இது பாம்பு முட்டையா டீச்சர்?" என்றான். வாயில் மட்டும் வைக்கக் கூடாது, விஷம் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்துப் பிள்ளையின் கையில் சூடு வைத்துக் காட்டினார். இரண்டு நாள் வகுப்பறையில் ஒரே அலறல், பாட்டிமேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. ஆனால் வழவழ கொட்டை அட்டையில் ஒட்டாமல் உருண்டு உருண்டு விழுந்துகொண்டிருந்ததே, தேய்த்த கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டையாகிச் சொரசொரப்பு வந்துவிட்டதால் பசை வைத்ததும் கப்பென்று பிடித்துக்கொண்டது. பாட்டிக்கு இது முன்பே தெரியுமா, தெரியாதா என்று கேட்டேன். சிரிக்கிறாரே தவிர பதில் இல்லை.

குச்சிக்குச் செம்பனை ஈர்க்கு சீவிக் கொண்டுவந்த அப்பா, ஒற்றை ஈர்க்கு வளைகிறது என்று மூன்று மூன்றாகச் சேர்த்து நூலால் கட்டியும் கொடுத்தீர்கள். திரைக்கு வேட்டி தந்த தாத்தா, அதில் பட்ட வண்ணம் போகவில்லை, மன்னிக்கவும்.

கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்து எங்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கிற சிகுவுக்கு, அதாவது ஆசிரியருக்கு, தனி நன்றி. சாங் கஞ்சில் என்கிற சருகுமான், ஆற்றைக் கடக்க முதலைகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணுகிற மாதிரி முதுகு முதுகாய்த் தாண்டிப் போகிற கதையை அவர்தான் பிள்ளைகளுக்கு நடித்துப் பழக்கினார். நான் குரங்கும் முதலையும் கதையை வைத்திருந்தேன், ஈரலை மரத்தில் வைத்துவிட்டு வந்தேன் என்று குரங்கு தப்பிக்குமே, அது. இரண்டுக்கும் அதே முதலைகள்தான். ஒத்திகையில் ஒரு பிள்ளை, "டீச்சர், இந்த முதலை எந்த மொழியிலும் ஏமாந்துதான் போகுது" என்றாள். சிகுவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஊர் நிழல் பொம்மலாட்டமான வாயாங் குலிட்டில் ராமர் ஸ்ரீ ராமாவாகவும் ராவணன் மகாராஜா வனாவாகவும் வருவதை அவர் சொன்னபோது வாயைப் பிளந்தது நான்தான். நத்தைக்கு மட்டும் எந்தக் கதையிலும் இடமில்லை, ஆனால் மலாயில் சிப்புட் என்றால் நத்தை, ஊர்ப் பெயரே நத்தை ஆயிற்றே, விட முடியுமா? அதனால்தான் வரவேற்புரையை நத்தை சொன்னது. திரையைக் கடக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் சிலர் கடிகாரம் பார்த்ததை நானும் பார்த்தேன்.

கடைசியாக, பள்ளி திறந்த நாளிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவன் அம்மா சொல்லலாம் என்றார். ஒன்றுக்கு வந்தால்கூடக் கேட்கமாட்டான், கால்சட்டை நனைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். முதலைக்குக் கண் ஒட்டிய மூன்றாம் நாள், கணக்குப் பாடத்தின் நடுவில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பச்சை வாய் மெதுவாக மேலே வந்து திறந்தது. "டீச்சர், முதலைக்கு ஒண்ணுக்கு வருது." நான் திகைத்து நிற்கையில் பக்கத்து இருக்கைப் பெண், அவனைப் பார்க்காமல் முதலையைப் பார்த்து, "வா முதலை, நான் காட்டுறேன்" என்று எழுந்து கழிப்பறை வாசல் வரை கூட்டிப் போனாள். அம்மா, நீங்கள் எனக்கு நன்றி சொல்லி அழுதீர்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பொம்மைகள் எல்லாம் வகுப்பு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. நாலு முதலைக்கு ஒரு கண் விழுந்துவிட்டது, பாட்டியின் டின்னும் காலி. யார் வீட்டுப் பக்கமாவது ரப்பர் மரம் மிச்சம் இருந்தால் ஒரு கைப்பிடி கொட்டை பொறுக்கி அனுப்புங்கள். தேய்க்க வேண்டாம், அந்த வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.