ஓட்டைக் காலணாவைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1943-இல் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறை எட்டிவிட்டார். பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுண், மேலப்பாளையம் தெருக்களின் இரண்டாம் உலக யுத்தகால நினைவுகளை இப்போதே பதிவு செய்ய வேண்டும்.

"யுத்தத்தைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்று தொடங்கினால் பள்ளிக்கூடப் பாடம்தான் வரும். 1943 முதல் 1947 வரை அச்சான, நடுவில் துளையுள்ள காசான ஓட்டைக் காலணாவைக் கையில் கொடுங்கள். பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடிய கரி பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள்: பின்னால் இருந்த உலையை மூட்டிக் காற்றடித்தது யார், கரி ஈரமானால் மேட்டில் எப்படித் திணறியது என்று தானே பேச்சு வரும்.

ஆண்டுகள் குழம்பும். ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றது 1942-இல். யுத்தம் 1945-இல் முடிந்தும், அரிசிக் கட்டுப்பாட்டை ராஜாஜி நீக்கியது 1952-இல்தான். யுத்தகாலத் தட்டுப்பாடா, அதற்குப் பிந்தியதா என்று பிரித்துக் கேளுங்கள்.

செல்போனை மின்விசிறிக்கு அடியில் வைக்காதீர்கள். பேசுபவரிடமிருந்து ஒரு முழத்தில், மடித்த துண்டின்மேல் வையுங்கள். ஆச்சிகளை அவசியம் கேளுங்கள். ரேஷன் அரிசி எத்தனை படி, எத்தனை நாள் தாங்கியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை